திருகோணமலை: அம்மாவுக்கு உளவளத்துணையாளர் தேடுகிறேன், முதலில் எதைக் கேட்க வேண்டும்?

பாலையூற்று மகள் எழுதியது (முதல் பதிவு)

எல்லோருக்கும் வணக்கம். பதிவு நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 63 வயது. எங்கள் ஊர் சம்பூர். 2006 சித்திரையில் ஷெல் விழத் தொடங்கியபோது உடுத்த உடையோடு வெளிக்கிட்டோம். வாகரை, மட்டக்களப்பு, பிறகு கிளிவெட்டி முகாம் என்று பத்து ஆண்டுகள் ஓடின. காணி திரும்பக் கிடைத்தபோது வீடு இருந்த அடையாளமே இல்லை, கிணறு மட்டும் இருந்தது. இதற்கிடையில் 2007 இல் வேலைக்கென்று போன அண்ணா வீடு திரும்பவில்லை. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

இப்போது அம்மா என்னோடுதான் இருக்கிறார். இரவில் இரண்டு மணிக்குப் பிறகு தூங்குவதில்லை. ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் குசினிக்குள் போய்ச் சுவரோடு ஒட்டி நிற்கிறார். வருடப்பிறப்புக்குச் சீனவெடி கொளுத்தினால் அன்றைய நாள் முழுவதும் சாப்பாடு இல்லை. "நெஞ்சுக்குள் கல் வைத்தது போல இருக்கிறது" என்று சொல்வார். இரண்டு முறை ஈசிஜி எடுத்தோம், இருதயத்தில் ஒன்றும் இல்லை என்றார்கள்.

சென்ற ஆண்டு ஒருவரிடம் ஆலோசனைக்குக் கூட்டிப்போனேன். இடத்தையும் ஆளையும் சொல்ல விரும்பவில்லை. முதல் நாளே "எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள் அம்மா, கொட்டினால்தான் ஆறும்" என்று சொல்லி ஷெல் விழுந்த நாளிலிருந்து கேட்கத் தொடங்கினார். அம்மா அரை மணிநேரம் பேசினார். பிறகு கை கால் நடுங்கி, கதிரையிலிருந்து சரிந்துவிட்டார். மூன்று நாள் வாய் திறக்கவில்லை. அன்று நாங்கள் வெளிக்கிடும்போது அந்த ஆலோசகர் சொன்ன கடைசி வார்த்தை, "மகன் இல்லை என்பதை ஏற்றுக்கொள்ளப் பழக வேண்டும்."

இப்போது தெரிந்த ஒருவர் வேறொரு பெண் உளவளத்துணையாளரைச் சொல்கிறார். கூட்டிப்போக ஆசை, ஆனால் பயமாக இருக்கிறது. ஒருவர் இந்த வேலைக்குத் தகுதியானவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

---

நிலாவெளி வாசகன் எழுதியது

தங்கை, தவறாக நினைக்க வேண்டாம். பழையதைக் கிளறக் கிளறப் புண் பெரிதாகும் என்பதுதான் என் அனுபவம். வெள்ளிக்கிழமைகளில் பத்திரகாளி அம்பாள் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள். நாலு பேரோடு இருந்தால் மனம் ஆறும். என் தாயாரும் அப்படித்தான் மீண்டார்.

---

துறைமுக வீதி எழுதியது

மகளே, உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். நான் இந்த மாவட்டத்தில் இருபது ஆண்டுகளாக உளவளத்துணை வேலை செய்கிறேன். அம்மாவுக்கு நடந்தது அவருடைய பலவீனத்தால் நடந்ததல்ல. அவரை அவசரப்படுத்திவிட்டார்கள்.

எங்கள் வேலையில் இந்தப் பிழை எவ்வளவு எளிதில் நடக்கும் என்பதை என் கதையிலிருந்தே சொல்கிறேன். சுனாமி வந்த 2004 மார்கழியில் நான் பாலர் பாடசாலை ஆசிரியை. நலன்புரி முகாமில் பிள்ளைகளை வைத்து விளையாடக் கூப்பிட்டார்கள், போனேன். அடுத்த சில வாரங்களில் எங்கெங்கிருந்தோ குழுக்கள் வந்தன. நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஆனால் காலையில் ஒரு குழு வந்து அலையை வரையச் சொல்லும், மாலையில் இன்னொரு குழு அதே பிள்ளையிடம் அதே அலையை வரையச் சொல்லும். ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள்: "டீச்சர், வீடு வரையலாமா?" அந்தக் கேள்வியிலிருந்துதான் நான் படிக்கத் தொடங்கினேன்.

எனக்கு அப்போது மூன்று நாள் பட்டறைப் பயிற்சி மட்டுமே இருந்தது. அந்தத் துணிவில் சல்லிப் பக்கம் ஒரு தாயிடம் போய், பிள்ளையின் கை எப்படி நழுவியது என்று கேட்டேன். அவர் சொன்னார். சொல்லி முடித்த பிறகு அவரை எங்கே கொண்டுபோய் விடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பொழுது பட்டுவிட்டது, பஸ் போய்விடும் என்று எழுந்து வந்தேன். இன்றுவரை அந்த முற்றத்தை மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் முறையான பட்டயக் கற்கை, மேற்பார்வையாளருக்குக் கீழே, அதாவது எங்கள் வேலையைக் கேட்டு வழிகாட்டுகிற மூத்த ஒருவருக்குக் கீழே, பல ஆண்டு வேலை எல்லாம்.

ஆகவே ஒருவரின் பின்னணி பற்றிக் கேட்கும்போது சான்றிதழின் பெயரைவிட இவற்றைக் கேளுங்கள். எவ்வளவு காலம் படித்தார், படிக்கும்போதே ஆட்களோடு வேலை செய்தாரா? இப்போதும் அவருக்கு மேற்பார்வை செய்பவர் ஒருவர் இருக்கிறாரா? எந்த நிலையில் உளமருத்துவரிடம் அனுப்புவார்? எழுதுகிற குறிப்பை யார் பார்ப்பார்கள்? இதைக் கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் அம்மாவை விட வேண்டாம். நல்லவர் சந்தோஷமாகப் பதில் சொல்வார். எனக்கு இன்றும் மாதத்தில் ஒரு நாள் மேற்பார்வை உண்டு. அது இல்லாமல் இந்த வேலையைச் செய்ய நான் துணிய மாட்டேன்.

நிலாவெளி ஐயா, கோயில் வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டத்துக்குள் போகவே பயப்படுகிற ஒருவருக்கு வெள்ளிக்கிழமைக் கோயிலும் ஒரு சோதனைதான். சனம் குறைந்த நேரத்தில், வாசலுக்குக் கிட்ட நின்று தொடங்கலாம்.

---

பாலையூற்று மகள் எழுதியது

அக்கா, நன்றி. "கொண்டுபோய் விடுவது" என்று நீங்கள் எழுதியதுதான் அன்று எங்களுக்குக் கிடைக்கவில்லை. அப்படியானால் முதல் நாள் எப்படி இருக்க வேண்டும்? நீங்கள் என்ன செய்வீர்கள்?

---

துறைமுக வீதி எழுதியது

முதல் நாள் நான் கதை கேட்பதில்லை. எங்கே இருக்க விருப்பம் என்று கேட்பேன். பலர் கதவைப் பார்த்தபடி இருக்கவே விரும்புவார்கள். கதவுக்கு முதுகைக் காட்டி இருக்கச் சொன்னால் பேச்சு முழுவதும் காது பின்னால்தான் இருக்கும். மின்விசிறிச் சத்தம் பிடிக்காதவர் உண்டு. கதவைச் சாத்தினால் மூச்சு முட்டுகிறவர் உண்டு. தடுப்பு முகாமிலிருந்து வந்த ஒருவருக்கு என் மேசையில் இருந்த தடித்த பதிவுப் புத்தகமே ஆகவில்லை, எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

பிறகு ஒரு வாக்குறுதி கொடுப்பேன். "நான் கேட்கிற எதற்கும் பதில் சொல்லத் தேவையில்லை. கையை இப்படி உயர்த்தினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன்." பலர் உடனே ஒரு முறை கையை உயர்த்திப் பார்ப்பார்கள். நான் நிறுத்துகிறேனா என்று சோதிக்கிறார்கள். அது அவர்களுடைய உரிமை. தங்கள் உடலுக்கும் வீட்டுக்கும் என்ன நடக்க வேண்டும் என்பதில் ஒரு சொல்லும் செல்லாத நாட்களைக் கடந்து வந்தவர்கள். இந்த அறைக்குள்ளாவது அவர்கள் சொல் செல்ல வேண்டும்.

அடுத்து தூக்கம், சாப்பாடு, உடம்பு. எங்கள் சனம் "எனக்கு மனக்கவலை" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. பெருமூச்சாக வருகிறது, தலைக்குள் எரிவாக, கை கால் விறைப்பாக, நெஞ்சில் கல்லாக வருகிறது. அந்த மொழியிலேயே பதில் சொல்ல வேண்டும். கல் எந்த நேரத்தில் பாரமாகிறது, எந்த நேரத்தில் கொஞ்சம் இலேசாகிறது என்று கேட்டால் அம்மாவுக்கே பதில் தெரியும். முற்றம் கூட்டும்போது இலேசாகிறது என்று ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் சிகிச்சையில் விளக்குமாறும் சேர்ந்துகொண்டது.

நடுக்கம் வந்தால் திரும்பி வரும் வழியையும் முதலிலேயே பழக்க வேண்டும். இரண்டு பாதமும் தரையில், கண் திறந்தபடி, அறையில் தெரிகிற ஐந்து பொருட்களின் பெயர், முகத்தில் குளிர்ந்த தண்ணீர், இன்று என்ன கிழமை, யார் பக்கத்தில் இருக்கிறார். வெடிச்சத்தம் கேட்டதும் அம்மாவின் உடம்பு 2006 க்குப் போய்விடுகிறது. இது பாலையூற்று, இது மகளின் வீடு என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அமெரிக்க உளமருத்துவர் ஜூடித் ஹேர்மன் 1992 இல் மூன்று கட்டங்களாக இதை எழுதினார்: முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவுகூர்தலும் துக்கம் அனுட்டித்தலும், அதன் பிறகு மனிதர்களோடு மீள இணைதல். என் அனுபவத்தில் எங்கள் ஆட்களுக்கு முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் அவ்வளவு தூரம் இல்லை. பக்கத்து வீட்டோடு பேச்சு வந்த பிறகுதான் பலருக்குப் பாதுகாப்பே வருகிறது.

---

கிண்ணியா ஆசிரியர் எழுதியது

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம்.

சகோதரி சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஓர் இடத்தில் முரண்படுகிறேன். சொல்லாமல் வைத்திருப்பதும் ஆளைத் தின்னும். சுனாமிக்குப் பிறகு என் வகுப்பில் ஒரு மாணவன் ஜன்னல் பக்கமே இருப்பான், மழை இருண்டால் புத்தகப் பையை மாட்டிக்கொள்வான். வீட்டில் யாரும் அந்த நாளைப் பற்றிப் பேசுவதில்லை, பிள்ளை தாங்காது என்று. இரண்டு ஆண்டு கழித்து, பயிற்சி பெற்ற ஒருவர் அவனை வைத்து அந்தக் காலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை வரிசையாகச் சொல்லவைத்தார், பல நாட்கள் எடுத்து. அதற்குப் பிறகுதான் அவன் ஜன்னலை விட்டு நடு வரிசைக்கு வந்தான். என் கண்ணால் பார்த்தது. "கிளற வேண்டாம்" என்று எல்லோரும் முடிவெடுத்தால் இப்படிப்பட்ட பிள்ளைகளின் கதி என்ன?

---

துறைமுக வீதி எழுதியது

ஆசிரியர் ஐயா, வஅலைக்கும் ஸலாம். நீங்கள் சொல்வது சரி. நான் எழுதியதில் அந்தப் பாதி விடுபட்டுவிட்டது.

சொல்வது கூடாது என்பதல்ல. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் எடுத்துரைப்பு முறைச் சிகிச்சையாக இருக்கும். வாழ்க்கையைப் பிறந்ததிலிருந்து ஒரு கயிறு போல நீட்டி வைத்து, நல்லவற்றுக்குப் பூவும் கொடியவற்றுக்குக் கல்லும் வைத்து, ஒவ்வொரு கல்லாகக் கடந்து போகிற முறை. சுனாமிக்குப் பிறகு எங்கள் வடகிழக்கிலேயே மனவடு அறிகுறிகள் இருந்த 31 பிள்ளைகளோடு இதைச் செய்து பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு இந்த எடுத்துரைப்பு, மறு பகுதியினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும், ஒவ்வொருவருக்கும் ஆறு அமர்வுகள். 2009 இல் முடிவு வெளியானது. இரண்டு குழுவிலும் பிள்ளைகள் நன்றாகத் தேறினார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. நடத்தியவர்கள் வெளிநாட்டு நிபுணர்கள் அல்லர், பயிற்சி கொடுக்கப்பட்ட உள்ளூர் ஆட்கள். இதில் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது அதுதான்.

ஆக, கதை வழியாகவும் போகலாம், மூச்சு வழியாகவும் போகலாம். கூடாதது, ஒரே நாளில் எல்லாவற்றையும் இறக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு அனுப்புவது. அனர்த்தம் நடந்த கையோடு ஒரே அமர்வில் விபரம் கேட்கும் முறை ஒரு காலத்தில் உலகம் முழுவதும் பரவியிருந்தது. அதனால் பயன் இல்லை, சிலருக்குக் கெடுதலும் நடக்கிறது என்று கண்ட பிறகு கைவிட்டார்கள். இப்போது அனர்த்த நேரத்தில் சொல்லப்படுவது உளவியல் முதலுதவி. பார், கேள், இணை, அவ்வளவுதான். தண்ணீர் கிடைத்ததா, பிள்ளை எங்கே, யாருக்கு அறிவிக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் வரும்.

---

டொரன்டோ திருமலையான் எழுதியது

நான் 1990 இல் திருமலையை விட்டு வெளியேறியவன். இங்கே ஒரு வெள்ளைக்கார ஆலோசகரிடம் ஆறு மாதம் போனேன். அன்பான மனிதர். ஆனால் ஒவ்வொரு முறையும் சோதனைச் சாவடி என்றால் என்ன, அடையாள அட்டையை ஏன் அப்படி வாங்கினார்கள் என்று விளக்குவதிலேயே நேரம் போய்விடும். ஒரு நாள் அவர் அழுதுவிட்டார், நான் அவரைத் தேற்றினேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அனுபவித்தவருக்குத்தான் புரியும் என்பது என் முடிவு. தங்கை, அந்தப் பெண் இடம்பெயர்ந்தவரா, இழந்தவரா என்று முதலில் கேளுங்கள்.

---

துறைமுக வீதி எழுதியது

தம்பி, அந்த ஆறு மாதத்தை நினைக்க எனக்கு வலிக்கிறது. நீங்கள் அவரைத் தேற்ற வேண்டி வந்திருக்கவே கூடாது.

நானும் 1990 இல் சிறுமியாக ஓடியவள்தான். அது எனக்கு உதவியிருக்கிறது, சாவடி என்ற சொல்லை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் அதே காரணத்தால் நான் பிழையும் விட்டிருக்கிறேன். ஒருவர் "காட்டுக்குள்ளால் நடந்தோம்" என்று தொடங்கியதும் என் காடு என் கண்ணில் வந்துவிடும். அவர் சொல்லாத தாகத்தை நான் அவருக்குக் கொடுத்துவிடுவேன். ஒருநாள் ஒரு தாத்தா சொன்னார், "இல்லைப் பிள்ளை, எங்களுக்குத் தண்ணீர் இருந்தது. வெளிச்சம்தான் இல்லை." மேற்பார்வை எதற்கு என்று அன்று எனக்கு நன்றாகப் புரிந்தது.

மூதூரிலும் தோப்பூரிலும் 2006 இல் ஓடிய முஸ்லிம் பெண்களோடு வேலை செய்திருக்கிறேன். சேருவில பக்கம் சிங்களக் குடும்பங்களோடும் இருந்திருக்கிறேன். அவர்களுடைய இழப்பை நான் இழக்கவில்லை. தெரியாததைத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல் கேட்டபோது அவர்கள் பேசினார்கள்.

---

வார்ட் தாதி எழுதியது

நடுவில் வருகிறேன், இதைச் சொல்லாமல் போக முடியவில்லை.

மருந்து பற்றி யாரும் எழுதவில்லை. தூக்கம் இப்படிக் கெட்டிருந்தால், நாள் முழுவதும் பயம் இருந்தால், உளநலப் பிரிவில் வைத்தியரையும் ஒரு முறை பாருங்கள். உளவளத்துணையாளர் குளிசை எழுதுவதில்லை. வைத்தியர் கொடுத்தால் சொன்ன காலம் வரை போட வேண்டும், இரண்டு கிழமையில் "சுகம்" என்று நிறுத்தக் கூடாது. பக்கத்து வீட்டு நித்திரைக் குளிசையை வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம், அந்தப் பழக்கம் எங்கள் பக்கம் நிறைய உண்டு.

சாக வேண்டும் என்ற பேச்சு எப்போதாவது வந்தால் நாள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, தமிழிலும் பேசலாம். ஆபத்து என்றால் அம்புலன்ஸ் இலக்கம் 1990. சாகும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பயப்படாதீர்கள். நேரே கேட்கலாம், கேட்டால் ஆளுக்கு ஆறுதலாகத்தான் இருக்கும்.

---

மூதூர்க் கரை எழுதியது

எல்லாம் சரி, ஆனால் எங்கள் ஊர் சிறியது. ஆலோசனை அறை அலுவலக வராந்தாவின் முடிவில் இருக்கிறது. உதவிப் பணத்துக்கு வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் பார்ப்பார்கள். "யாருக்கு விசர்?" என்று ஆட்டோக்காரரே கேட்கிறார். என் மனைவி இரண்டாம் முறை போகவில்லை. அவர் உள்ளே சொன்ன ஒரு விடயம் கிராம மட்டக் கூட்டம் ஒன்றில் பெயர் இல்லாமல் உதாரணமாகச் சொல்லப்பட்டது. பெயர் இல்லை என்றால் என்ன, ஊருக்கே தெரிந்தது யார் என்று. யார் எவர் என்று எழுத மாட்டேன். அந்தக் காயம் பழைய காயத்தைவிடப் பெரிதாகிவிட்டது.

---

துறைமுக வீதி எழுதியது

ஐயா, இதற்கு நியாயம் சொல்ல ஒன்றுமே இல்லை. அது துரோகம். உங்கள் மனைவியிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன், நான் செய்யாவிட்டாலும் என் தொழில் செய்தது.

நாங்கள் சிலர் வாரத்தில் ஒரு நாள் கர்ப்பிணி கிளினிக் கட்டடத்தில் இருக்கிறோம். அங்கே எந்தப் பெண்ணும் எதற்காகவும் வரலாம். ஆட்களைப் பார்க்க அவர்கள் வீட்டுக்குப் போகும்போது அலுவலக வாகனத்தில் போவதில்லை. இது சிறிய ஏற்பாடுதான், ஆனால் இது இல்லாமல் மற்றதெல்லாம் வீண். அவர் இன்னும் பேச விரும்பினால் பக்கத்துப் பிரதேச செயலகப் பிரிவில் உள்ளவரிடம் போகலாம். சொந்தப் பிரிவுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை.

---

பாலையூற்று மகள் எழுதியது

எல்லாவற்றையும் வாசித்தேன். இன்னும் ஒன்றே ஒன்றுதான். அண்ணாவின் விடயம். இறந்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியையைக் கன்னியாவில் செய்துவிடுங்கள், ஆத்மா அலையும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அம்மா மாட்டேன் என்கிறார். இன்றும் அண்ணாவின் பிறந்த நாளில் ஒரு கோப்பை சோறு வைக்கிறார். இது நோயா?

---

துறைமுக வீதி எழுதியது

இல்லை மகளே, நோய் இல்லை.

போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தெளிவற்ற இழப்பு என்று தமிழில் சொல்லலாம். உடல் இல்லை, செய்தி இல்லை, ஆள் மட்டும் மனதில் இருக்கிறார். செத்தவீடு இருந்தால் ஒப்பாரி உண்டு, எட்டுச்செலவு உண்டு, முப்பத்தோராம் நாள் உண்டு. ஊரே கூட நின்று கொண்டுபோய் அக்கரையில் விடும். காணாமல் போனவரின் தாய்க்கு எங்கள் வழக்கத்தில் ஒரு நாளும் குறிக்கப்படவில்லை. அவர் உறைந்து நிற்பது மனம் பலவீனமானதால் அல்ல, கேள்விக்கு யாரும் பதில் சொல்லாததால்.

ஆகவே "ஏற்றுக்கொள்" என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. எனக்கும் இல்லை. இறந்துவிட்டார் என்று தாயை நம்பவைப்பது என் வேலை அல்ல. நான் கேட்பது, மகன் இருக்கிறார், இல்லை என்ற இரண்டையும் ஒரே மடியில் வைத்துக்கொண்டு இன்று சாப்பிட முடியுமா, பேத்தியின் தலையைப் பின்ன முடியுமா என்பதுதான். கன்னியாவுக்குப் போகும் தாய்மார் உண்டு, போகாத தாய்மாரும் உண்டு. ஐந்து ஆண்டு மறுத்து ஆறாம் ஆண்டு தானே முன்வந்து போனவரையும் தெரியும். அது அவர் குறிக்கிற நாள்.

சட்டத்திலும் இதற்கு ஓரளவு இடம் வந்திருக்கிறது. மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாத குடும்பங்கள், ஆள் காணப்படவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெற 2016 இல் வழி செய்யப்பட்டது. காணி, வங்கி அலுவல்களுக்கு அது பயன்படும். முன்பு மரணச் சான்றிதழில் கையெழுத்து வைக்கச் சொன்னபோது "என் பிள்ளையை நானே கொல்வதா" என்று எழுந்து போன தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பிறந்த நாள் சோற்றை யாரும் எடுக்க வேண்டாம். முடிந்தால் நீங்களும் பக்கத்தில் இருந்து சாப்பிடுங்கள்.

---

நிலாவெளி வாசகன் எழுதியது

நான் முதலில் எழுதியது அவசரமாக எழுதியது. என் தாயார் மீண்டார் என்று எழுதினேன். மீண்டாரா என்று நான் அவரிடம் ஒருநாளும் கேட்கவில்லை என்பது இன்று காலையில்தான் உறைத்தது. நேற்று இரவு தொலைபேசியில் கதைத்தோம், நீண்ட நேரம்.

---

பாலையூற்று மகள் எழுதியது (ஏழு கிழமைக்குப் பிறகு)

எல்லோருக்கும் தகவல் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

அந்தப் பெண்ணிடம் முதலில் நான் தனியாகப் போனேன். மேற்பார்வை பற்றிக் கேட்டேன், தயங்காமல் சொன்னார். குறிப்புப் புத்தகத்தைத் திறந்து எதை எழுதுவேன், எதை எழுத மாட்டேன் என்றும் காட்டினார். பிறகு அம்மாவைக் கூட்டிப்போனேன். முதல் நாள் முழுக்க சம்பூர்க் கிணற்றைப் பற்றித்தான் பேச்சாம். எத்தனை முழக் கயிறு, மாரியில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று. அம்மா வீட்டுக்கு வந்து சொன்னது, "அவள் ஒன்றும் கேட்கவில்லை." அதைக் குறையாகச் சொன்னாரா என்று தெரியவில்லை, ஆனால் அடுத்த முறையும் வெளிக்கிட்டார்.

ஐந்து முறை ஆகிவிட்டது. வைத்தியரையும் பார்த்தோம், குளிசை போடுகிறார். தூக்கம் இப்போது நாலு மணி வரை போகிறது. சென்ற கிழமை ஹெலிகொப்டர் போனது. குசினிக்குள் போனார், ஆனால் சுவரோடு நிற்கவில்லை, குடத்துத் தண்ணீரால் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். அண்ணாவைப் பற்றி அங்கே இன்னும் பேசவில்லையாம். பேசுவார் என்றும் இல்லை, மாட்டார் என்றும் இல்லை.

துறைமுக வீதி அக்கா, ஒரு கேள்வி. அம்மா வளவில் முருங்கைக்காய் பறித்து, நாளைக்கு அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்று கட்டி வைத்திருக்கிறார். கொடுக்கலாமா? விதிக்கு மாறானதா?

---

துறைமுக வீதி எழுதியது

காசும் நகையும் வாங்க மாட்டோம். முருங்கைக்காயை வாங்குவார், கொடுக்கச் சொல்லுங்கள். எத்தனை கட்டினார்?

---

பாலையூற்று மகள் எழுதியது

பதினொன்று. பிஞ்சாகப் பார்த்து.